பங்குனி ஆமையின் வாழ்க்கையில் நீங்கள் காட்டாமல் விட்ட பகுதி: படக்குழுவினருக்கும் ஒளிபரப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

விலங்குகளின் வாழ்க்கைச் சுழற்சி குறித்த ஆவணத் தொடரைத் தயாரித்த நிறுவனத்தாருக்கும், அதைத் தமிழில் ஒளிபரப்பிய தொலைக்காட்சி நிர்வாகத்தினருக்கும்,

உங்கள் தொடரில் பங்குனி ஆமை என்னும் கடலாமையைப் பற்றிய பகுதியை வரும் கல்வியாண்டு முதல் பள்ளிகளுக்குப் பாடத் துணைப்படமாக அனுப்பப்போவதாக நீங்கள் வெளியிட்ட அறிவிப்பைப் படித்த பிறகு இம்மடலை எழுதுகிறேன். அந்தப் பகுதியின் பெரும்பாலான காட்சிகள் சென்னைக்குத் தெற்கே, நான் பிறந்து வளர்ந்த மீனவக் குப்பத்தின் மணலில் எடுக்கப்பட்டவை. 2025 ஜனவரி முதல் மார்ச் வரை உங்கள் குழுவினர் அங்கே படம்பிடித்த இரவுகளில் பாதிக்கு மேல் நானும் உடன் நடந்தேன். தடம் எது, கூடு எது என்று காட்டிக்கொடுத்தேன். ஆகவே படத்தில் என்ன இருக்கிறது என்பதோடு, படமாக்கப்பட்டும் என்னென்ன இல்லாமல் போயின என்பதும் எனக்குத் தெரியும். அந்த நிலையிலேயே அது வகுப்பறைக்குள் வருவதை, பதினாறு ஆண்டுகளாக அரசுப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியையாகவும், பதினான்கு பருவங்களாக ஆமைத் தடம் தேடி நடப்பவளாகவும் என்னால் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

சென்னைக் கரையில் இரவில் ஆமைத் தடம் தேடி நடக்கும் வழக்கம் 1970களின் தொடக்கத்தில் வந்தது. 1988இல் மாணவர்கள் கூடித் தங்களுக்கென ஓர் அமைப்பை உருவாக்கிய பிறகு அது ஆண்டுதோறும் தவறாமல் நடக்கிறது. நள்ளிரவுக்கு முன் கிளம்பி, விளக்கைப் போடாமல், அலை நனைத்த மணலின் ஓரமாகவே நடப்போம். டிராக்டர் சக்கரம் ஏறிப்போனதுபோல் ஒரு தடம் கடலிலிருந்து மேலே போயிருக்கும். இறங்கி வந்த தடமும் பக்கத்திலேயே இருந்தால் ஆமை முட்டையிட்டுத் திரும்பிவிட்டது என்று பொருள். இல்லாவிட்டால் அங்கேயே மூச்சடக்கி உட்கார்ந்துவிடுவோம், ஏனென்றால் குழி தோண்டத் தொடங்குவதற்கு முன்பு ஒரு சிறு வெளிச்சமோ ஆள் நடமாட்டமோ பட்டாலும் அது முட்டையிடாமலேயே கடலுக்குத் திரும்பிவிடும். பின்துடுப்புகளால் குடம்போல் ஒரு குழி பறித்து, நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலை மூடி, தன் உடம்பையே இருபுறமும் மாறிமாறிச் சாய்த்து அந்த இடத்தை அடித்துச் சமப்படுத்திவிட்டு அது கிளம்பும். அதற்குப்பின் அந்த முட்டைகளை அது ஒருபோதும் பார்ப்பதில்லை. நாய்களுக்கும் மனிதர்களுக்கும் முந்திக்கொண்டு நாங்கள் அவற்றைப் புரட்டாமல் எடுத்து, சில மணி நேரத்துக்குள் பொரிப்பகத்து மணலில் அதே ஆழத்தில் புதைப்போம். நாற்பத்தைந்து முதல் அறுபது நாளுக்குள் குஞ்சுகள் மேலே வரும்.

இவற்றையெல்லாம் உங்கள் ஒளிப்பதிவாளர்கள் பொறுமையாகவும் அழகாகவும் எடுத்திருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. மணலின் வெப்பம் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவுசெய்கிறது என்பதையும், சூடு கூடினால் பெண் குஞ்சுகளே மிகுதியாகப் பிறக்கும் என்பதையும் நீங்கள் விளக்கிய விதத்தை என் வகுப்பில் அப்படியே பயன்படுத்த விரும்புகிறேன். என் குறை அந்தக் காட்சிகளைப் பற்றியதன்று.

2025 ஜனவரியில் என்ன நடந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். முட்டையிட வரும் ஆமைகளுக்காக நாம் காத்திருந்தோம். வந்தவை செத்த ஆமைகள். சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டக் கரைகளில் சில வாரங்களுக்குள் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் பிணமாக ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து விசாரிக்கும் அளவுக்கு அது பெரிய செய்தியாயிற்று. பொங்கலை ஒட்டிய ஒரு விடியலில் உங்கள் ஒளிப்பதிவாளர் இருவரும் நானும் சுமார் நாலு கிலோமீட்டர் நடந்தோம். அந்தத் தூரத்தில் மட்டும் பதினோரு உடல்களை எண்ணினோம். கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தன. நீரில் மூச்சுத் திணறிச் செத்த ஆமை அப்படித்தான் இருக்கும். அவற்றுள் ஒன்றின் வயிற்றை நாய்கள் கிழித்திருந்தன. உள்ளே இருந்த முட்டைகள் மணலில் சிதறிக் கிடந்தன, சில இன்னும் மஞ்சட்கருவாகவே, சில ஓடு கட்டிய நிலையில். உங்கள் இளைய ஒளிப்பதிவாளர் கேமராவைத் தாங்கியின்மேல் வைத்துவிட்டுச் சிறிது நேரம் தள்ளிப்போய் நின்றார். பிறகு வந்து அந்தக் காட்சியை முழுமையாக எடுத்தார். மறுநாள் காலையும் எடுத்தார்.

அதற்கடுத்த வாரம் என் தந்தையிடம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பேட்டி எடுத்தீர்கள். அவர் நாற்பது ஆண்டு கட்டுமரத்திலும் பின்னர் சிறு ஃபைபர் படகிலும் கடலுக்குப் போனவர். அவர் சொன்னதைப் பக்கத்தில் இருந்து நான் குறித்துவைத்திருக்கிறேன். மடி என்று அவர் சொல்வது விசைப்படகுகள் கடலில் இழுத்துச் செல்லும் பை போன்ற இழுவை வலையை. “எங்க வலையில ஆமை மாட்டினா, வலைய அறுத்தாவது வுட்டுடுவோம். அதுவும் நம்மள மாதிரி மூச்சு வாங்க மேல வரணும். மடி இழுக்கறவனுக்கும் அது தெரியாம இல்ல. ஆனா அவன் மடிய ஏத்தறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் ஆவும். அதுக்குள்ள அது செத்துரும். செத்தத தூக்கிக் கடல்ல போட்டுட்டு அடுத்த மடிய இறக்குவான்.” கரையில் ஒதுங்குபவை செத்தவற்றில் ஒரு பங்குதான் என்றும், காற்றும் நீரோட்டமும் வேறு பக்கமாக இருந்தால் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போகும் என்றும் அவர் சொன்னார்.

ஒளிபரப்பான படத்தில் அந்த இரண்டு காலைகளும் இல்லை. என் தந்தையும் இல்லை. இழுவை மடி என்ற சொல் ஓரிடத்திலும் வரவில்லை. ஒளிபரப்புக்கு மறுவாரம் நான் தொலைபேசியில் காரணம் கேட்டபோது, இது வாழ்க்கைச் சுழற்சி பற்றிய தொடர், சுற்றுச்சூழல் பிரச்சினை பற்றியதன்று என்றும், குடும்பத்தோடு அமர்ந்து பார்ப்பவர்கள் பிணங்களைப் பார்க்க விரும்பமாட்டார்கள் என்றும், விலங்குகளின் கதைக்குள் மனிதர்களைக் கொண்டுவருவதில்லை என்பது தொடர் முழுவதற்குமான முடிவு என்றும் எனக்கு விடை கிடைத்தது. விடை சொன்னவர் கனிவாகவே பேசினார். ஆனால் அந்த மூன்று காரணங்களுள் ஒன்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்பதை உங்கள் படத்தின் சொற்களைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே வளர்ந்த ஆமையாகிறது என்று உங்கள் வருணனையாளர் இரண்டு முறை சொல்கிறார். நாங்களும் வழக்கமாகச் சொல்லும் கணக்குதான் அது. நண்டும் காகமும் பருந்தும் மீனும் குஞ்சுகளைக் கொத்திச் செல்லும் காட்சிகளுக்குப் பிறகு, இழப்புகளையும் கணக்கில் வைத்தே இயற்கை இவ்வளவு முட்டைகளைக் கொடுத்திருக்கிறது என்று படம் ஆறுதல் கூறுகிறது. குஞ்சுகளைப் பொறுத்தவரை அது உண்மை. நூறு முட்டையிடும் விலங்கு, தொண்ணூற்றொன்பது போய்விடும் என்ற ஏற்பாட்டோடுதான் இடுகிறது. ஆனால் அந்த ஏற்பாடு முழுவதும் ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது. தப்பிப் பிழைத்த அந்த ஒன்று, பத்து ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்து, பருவம் எய்தி, பல ஆண்டுகள் திரும்பத் திரும்பக் கரையேறி முட்டையிட வேண்டும். வளர்ந்த ஆமைக்குக் கடலில் எதிரிகள் மிகக் குறைவு. சில பெரிய சுறாக்கள் தவிர அதைத் தாக்கக்கூடியது அதிகமில்லை. ஆகவே வளர்ந்த ஆமையின் சாவுக்கு இயற்கை பெரிதாக ஒதுக்கீடு எதுவும் வைத்திருக்கவில்லை. ஆயிரத்தில் ஒன்று என்றால், ஏறத்தாழ ஒன்பது பத்துக் கூடுகளின் முழு விளைச்சல்தான் வளர்ந்த ஆமை ஒன்று. நாம் மூவரும் அந்த விடியலில் எண்ணிய பதினோரு உடல்கள் நூறு கூடுகளுக்கு ஈடு. எங்கள் பொரிப்பகத்தில் ஒரு பருவம் முழுவதும் தூக்கம் கெட்டுச் சேர்ப்பதை ஒரு காலைப்பொழுது அழித்துவிட்டது.

குஞ்சைக் காகம் தூக்கிச் செல்வதை நெஞ்சை உருக்கும் இசையோடு நாலு நிமிடம் காட்டிய படம், சூல்கொண்ட தாயின் சாவை விட்டுவிட்டது. சுழற்சியைத் தாங்கக்கூடிய இழப்பு படத்தில் இருக்கிறது. சுழற்சியை அறுக்கும் இழப்பு இல்லை. வாழ்க்கைச் சுழற்சி பற்றிய படம் என்பதால்தான் அதை விட்டீர்கள் என்ற விளக்கம் எனக்குப் புரியாமல் போவது இதனால்தான். வாழ்க்கைச் சுழற்சி பற்றிய படம் என்பதாலேயே அது இடம்பெற்றிருக்க வேண்டும்.

மனிதரைக் கொண்டுவருவதில்லை என்ற முடிவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பங்குனி ஆமைகள் கூடுவதும் சூல்கொண்டு காத்திருப்பதும் கரையிலிருந்து சில மைல்களுக்குள், ஆழம் குறைந்த நீரில். இறாலும் மீனும் மிகுதியாகக் கிடைப்பதும் அங்கேதான். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மடி இழுக்கக் கூடாது என்ற விதி இருந்தும், நள்ளிரவில் எங்கள் மணலில் நின்று பார்த்தால் அவற்றின் விளக்குகள் வரிசையாகத் தெரியும். உங்கள் குழுவும் பார்த்தது. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. அந்தத் தடை தொடங்கும்போது ஆமைகளின் முட்டையிடும் பருவம் ஏறக்குறைய முடிந்திருக்கும். மடிக்குள் ஒரு கம்பித் தடுப்பும் அதற்கு மேலே ஒரு திறப்பும் வைத்தால் இறால் உள்ளே போகும், ஆமை வெளியேறிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்குப் பொருந்தும் வகையில் அப்படி ஒரு கருவியை உருவாக்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அது இல்லாமல் பிடிக்கப்படுகிறது என்ற காரணத்தால்தான் இந்தியக் கடல் இறாலை வாங்குவதை அமெரிக்கா 2019இல் நிறுத்தியது. ஒரு பங்குனி ஆமை இவ்வாண்டு முட்டையிடுமா, மடியில் சாகுமா என்பது இந்தச் செய்திகளால் முடிவாகிறது. மணலின் வெப்பத்தைப் போலவே இவையும் அதன் வாழ்க்கையின் பகுதிகள். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்களும் எங்கள் உறவினர்களே என்பதால், யாரையும் குற்றவாளியாக நிறுத்தும் படத்தை நான் கேட்கவில்லை. என் தந்தையும் அந்தப் பேட்டியில் யாரையும் ஏசவில்லை.

அடுத்ததாக, படத்தில் இருக்கும் ஒரு காட்சியைப் பற்றிச் சொல்கிறேன். படத்தின் விளம்பரத்திலும் முகப்பிலும் நீங்கள் பயன்படுத்தியிருப்பது அதையே. பொன்னிற விடியல் வெளிச்சத்தில் எண்பது தொண்ணூறு குஞ்சுகள் கடலை நோக்கி ஓடுகின்றன. மேலிருந்து டிரோன் அதைப் பின்தொடர்கிறது. இயல்பாக நடந்த ஒன்றைப் போல வருணனை அதைச் சொல்கிறது.

மார்ச் மாதத்தின் மூன்றாம் வாரத்தில் அந்தக் கூடு இரவு பதினொரு மணிவாக்கில் பொரிந்தது. குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் மேலே வரும். பகலில் தகிக்கும் மணல் குளிர்ந்துவிட்டது என்பதே அவற்றுக்கு அடையாளம். எங்கள் வழக்கப்படி அரை மணி நேரத்துக்குள் அவற்றை விட்டிருக்க வேண்டும். உங்கள் இயக்குநர், பொரிப்பகத்தில் அன்று பொறுப்பில் இருந்த இளைஞரிடம் பேசி, வெளிச்சம் வரும்வரை கூடையிலேயே வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். நான் அன்று அங்கே இல்லை. அதிகாலை ஐந்தே முக்காலுக்கு நான் போனபோது, ஏழு மணி நேரமாக அவை பிளாஸ்டிக் கூடையின் சுவரில் துடுப்படித்துக்கொண்டிருந்தன. எதிர்ப்புச் சொன்னேன், இன்னும் பத்து நிமிடம் என்றார்கள். அதற்கு முன்பே இரவில் வெள்ளை எல்.இ.டி. விளக்கு வைத்து அந்தக் கூட்டைப் படம்பிடித்திருந்தார்கள் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

அந்த ஏழு மணி நேரத்தில் என்ன கெடும் என்பதைச் சொல்லியாக வேண்டும். முட்டையிலிருந்து வரும் குஞ்சின் வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சட்கருதான் அதன் கட்டுச்சோறு. மணலுக்கு மேலே வந்த கணத்திலிருந்து அது ஓய்வில்லாமல் இயங்கும். கரையோரத்து மீன்களும் பறவைகளும் நிறைந்த நீரைக் கடந்து ஆழ்கடலின் நீரோட்டத்தைப் பிடிக்கும்வரை, ஒரு நாளுக்கும் மேலாக, அந்த வேகத்தோடு நீந்தியாக வேண்டும். கூடைச் சுவரில் செலவழித்த வலு திரும்ப வராது. விடியலில் விட்டால் காகங்களுக்கும் பருந்துகளுக்கும் மீன்களுக்கும் அவை தெளிவாகத் தெரியும். உங்கள் பொற்காட்சியில் ஓடும் குஞ்சுகள் ஏன் அடிக்கடி நின்று நின்று ஓடுகின்றன என்பதை ஆமைகளை அறிந்த யாரும் புரிந்துகொள்வார்கள். அவை அழகாகத் தயங்கவில்லை, களைத்திருந்தன.

இதன் விளைவு அந்த எண்பது குஞ்சுகளோடு முடிந்துவிடவில்லை. படம் ஒளிபரப்பான பிறகு எங்களோடு நடக்கப் பெயர் கொடுக்கும் குடும்பங்களில் பலர், குஞ்சுகளைக் காலையில் விடுவீர்களா, படத்தில் வந்ததுபோல் பிள்ளைகள் பார்க்கும்படி வெயில் வந்தபின் விட முடியுமா என்று கேட்கிறார்கள். என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “டீச்சர், ராத்திரியிலதான் வரும்னு நீங்க சொன்னீங்க, டி.வி.யில காலையில வருதே?” என்று எழுந்து நின்று கேட்டாள். நான் சொல்வது உண்மை, படத்தில் வந்தது அவ்வாறு செய்யப்பட்டது என்று அவளுக்கு விளக்க முடிந்தது. படத்தைப் பெறப்போகும் பள்ளிகள் எல்லாவற்றிலும் இதை விளக்க ஒருவர் இருக்கமாட்டார். திரையில் ஒருமுறை பதிந்த பொய்க்காட்சி எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதற்கு உங்கள் துறையிலேயே சான்று உண்டு. 1958இல் வெளிவந்து ஆஸ்கர் விருதும் பெற்ற ஓர் அமெரிக்க ஆவணப்படத்தில், லெம்மிங் என்னும் சிறு கொறிவிலங்குகள் கூட்டமாகக் கடலில் குதித்துச் சாவதாகக் காட்டப்பட்டது. அவை வேறிடத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பதும் காட்சி ஏற்பாடு செய்யப்பட்டது என்பதும் 1980களில் வெளிப்பட்டன. இன்றும் உலகம் முழுவதும் மக்கள் லெம்மிங் தற்கொலை செய்துகொள்ளும் விலங்கு என்றே நம்புகிறார்கள்.

வேறு வழி இல்லாமல் செய்தீர்கள் என்றும் சொல்ல முடியாது. 2016இல் பிபிசி ஒளிபரப்பிய ‘பிளானட் எர்த்’ இரண்டாம் தொடரில், நகரங்கள் பற்றிய பகுதியில், பார்படோஸ் தீவில் பொரிந்த அழுங்காமைக் குஞ்சுகள் கடலைவிட்டுத் தெருவிளக்குகளை நோக்கிச் சென்று சாக்கடையிலும் சாலையிலும் சிக்குவதை அப்படியே காட்டினார்கள். கண்ணில் பட்ட குஞ்சுகளைப் படக்குழுவினர் எடுத்துக் கடலில் விட்டதையும் தெரிவித்தார்கள். அதைப் பார்த்துக் குடும்பங்கள் தொலைக்காட்சியை அணைத்துவிடவில்லை. எங்கள் கரையிலும் அதேதான் நடக்கிறது. கடற்பக்கத்து அடிவானம் கரைப்பக்கத்தைவிடச் சற்று வெளிச்சமாக இருக்கும் என்ற குறிப்பை முதன்மையாகக் கொண்டுதான் குஞ்சு கடலைக் கண்டுபிடிக்கிறது. மாடி வீடுகளும் உயர்விளக்குகளும் வந்த பிறகு அந்தக் குறிப்பு தலைகீழாகிவிட்டது. எங்கள் கண்ணில் படாமல்போன கூடுகளின் குஞ்சுகளைச் சாலையில் நசுங்கியும் வெயிலில் காய்ந்தும் ஒவ்வொரு பருவமும் பொறுக்குகிறோம். உங்கள் குழுவுக்கு அந்தச் சாலையையும் காட்டினேன்.

தமிழ் வடிவத்தைப் பற்றி ஒளிபரப்பாளர்களுக்குத் தனியாக ஒரு செய்தி. முட்டையிடும் ஆமையின் கண்ணிலிருந்து நீர் வழிவதைக் காட்டி, பிரியப்போகும் பிள்ளைகளை எண்ணித் தாய் அழுகிறாள் என்று தமிழ் வருணனை சொல்கிறது. கடல்நீரோடு உடலில் சேரும் உப்பை வெளியேற்றும் சுரப்பி ஆமையின் கண்ணருகே இருக்கிறது. கடலுக்குள் இருக்கும்போதும் அந்த நீர் வழிந்துகொண்டுதான் இருக்கும். ஓர் உயிரியல் வகுப்பில் இதைவிடச் சுவையான செய்தி வேறு என்ன வேண்டும்? அதை எடுத்துவிட்டு அழுகையை ஏன் வைத்தீர்கள்?

பெயர்களும் அப்படியே போயின. படம் முழுவதும் “ரிட்லி ஆமை” என்றே வருகிறது. எங்கள் கரையில் அதற்குப் பங்குனி ஆமை என்று பெயர். பெயரிலேயே மாதம் இருக்கிறது. பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என்று நம் கடலுக்கு வரும் மற்ற நான்குக்கும் தமிழில் பெயருண்டு. அகநானூற்றின் 160ஆம் பாடலில் நப்பசலையார், அடும்பின் கொடி சிதையுமாறு இழுத்து, வெண்மணல் மேட்டின் பக்கத்தில், தந்தத்தில் கடைந்த வட்டைப் போன்ற, புலால் நாறும் முட்டைகளை நிறைசூல் ஆமை மறைத்துப் புதைப்பதைச் சொல்கிறார். குஞ்சு பொரியும்வரை ஆண் ஆமை அவற்றைக் காக்கும் என்று அவர் சொல்வது மட்டும் உண்மையன்று. ஆண் ஆமை கரைக்கே வருவதில்லை. மற்றதெல்லாம் மணலில் நின்று கண்ணால் பார்த்த ஒருவருடைய சொற்கள். அடும்பு இன்றும் எங்கள் மணலில் படர்ந்திருக்கிறது, முட்டை இன்றும் அப்படியே நாறுகிறது. இவ்வளவு பழைய பழக்கமுள்ள ஒரு விலங்கை நம் பிள்ளைகளுக்கு அயல்நாட்டு விருந்தாளியைப்போல அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

ஆகவே, இவற்றைக் கேட்கிறேன். இப்போதுள்ள வடிவத்தில் கடலாமைப் பகுதியைப் பள்ளிகளுக்கு அனுப்பும் முடிவை நிறுத்திவையுங்கள். 2025 ஜனவரியில் எடுத்த இரண்டு காலைக் காட்சிகளையும், இழுவை மடியில் ஆமைகள் ஏன் சாகின்றன, அதைத் தடுக்க என்ன இருக்கிறது என்ற விளக்கத்தோடு படத்தில் சேருங்கள். பிணங்களை அண்மைக் காட்சியில் காட்ட வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. தொலைவிலிருந்து எடுத்த காட்சியும் ஒரு மீனவரின் குரலும் போதும், சிறுவர்கள் அதைத் தாங்கிக்கொள்வார்கள். என் மாணவர்கள் அந்த மணலிலேயே வளர்கிறவர்கள். அவர்கள் ஏற்கெனவே நேரில் பார்த்திருக்கிறார்கள்.

விடியற்காட்சியைப் படத்திலிருந்தும் விளம்பரத்திலிருந்தும் நீக்குங்கள். நீக்க முடியாது என்றால், குஞ்சுகள் இரவில் பொரிந்தன, படப்பிடிப்புக்காகக் காலைவரை தடுத்துவைக்கப்பட்டன, இது செய்யத் தகாதது என்ற வாசகத்தை அந்தக் காட்சி ஓடும்போதே திரையில் தமிழில் காட்டுங்கள். இனி ஆமைக் கரைகளில் படம்பிடிக்கும் உங்கள் குழுக்கள் வெள்ளை விளக்கு வைக்கக் கூடாது, குஞ்சுகளை ஒரு நிமிடமும் தாமதப்படுத்தக் கூடாது, முட்டையிட மேலேறும் ஆமையின் முன்னால் போகக் கூடாது என்பதை எழுத்து விதியாக வெளியிடுங்கள். கடலாமைகள் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. புலிக்குக் கொடுக்கும் மரியாதையைப் படக்குழுக்கள் இவற்றுக்கும் கொடுக்க வேண்டும். அன்றிரவு பொறுப்பில் இருந்த இளைஞர்மீது இதற்கான பழி விழாமல் பார்த்துக்கொள்ளும் கடமையும் உங்களுடையது. அவருக்கு வயது பத்தொன்பது, கேட்டவர்கள் பெரியவர்கள்.

தமிழ் வருணனையைத் திருத்தி மீண்டும் பதிவுசெய்யுங்கள். கண்ணீர் பற்றிய வரிகளை மாற்றி, கரையோர மக்கள் வழங்கும் பெயர்களை இடுங்கள். இதற்கு ஊதியம் எதுவும் வாங்காமல் நானும், ஆமை நடையில் என்னைவிட நீண்ட அனுபவமுள்ள இருவரும் உடனிருந்து உதவ ஆயத்தமாக இருக்கிறோம்.

கடைசியாக, அந்த இரண்டு காலைகளில் எடுத்த வெட்டப்படாத காட்சிகளின் படியை, தேதியும் இடமும் குறித்து, வனத்துறைக்கும் ஆமைகளின் இறப்பைப் பதிவுசெய்துவரும் தன்னார்வலர்களுக்கும் கொடுங்கள். உங்களுக்கு அவை வேண்டாத காட்சிகளாக இருக்கலாம்; எந்தக் கரையில், எந்த நாளில், எத்தனை உடல்கள் என்பதற்கு எங்களிடம் கைப்பேசிப் படங்களும் நோட்டுப் புத்தகமும்தான் இருக்கின்றன. என் தந்தையின் பேட்டியையும் முழுமையாக ஒரு படி எடுத்து அவருக்கே அனுப்பிவையுங்கள். ஒளிபரப்பான அன்று அவர் பக்கத்து வீட்டாரையெல்லாம் அழைத்து உட்காரவைத்துக்கொண்டு இறுதிவரை காத்திருந்தார்.

உங்கள் விடையை எழுத்தில், டிசம்பர் மாத இறுதிக்குள் எதிர்பார்க்கிறேன். ஜனவரியில் நாங்கள் மறுபடியும் நடக்கத் தொடங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
தென்சென்னைக் கடற்கரைக் குப்பமொன்றைச் சேர்ந்த உயிரியல் ஆசிரியை